பேஸ் கேட்குதா அண்ணாச்சி?

(மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கும், வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கும்)

மூன்றாம் ஆண்டு இ.சி.இ. மாணவன்



"என்னலே, உன் கிட்டார்ல மட்டும் நாலு கம்பிதான் இருக்கு? மீதி ரெண்டும் அறுந்து போச்சா?"

நம் பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரமே இல்லை. அறுந்து போகவில்லை நண்பர்களே, அது பேஸ் கிட்டார். சாதாரண கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளுக்கு என்ன சுரமோ அதே சுரம்தான் இதற்கும், ஒரு ஸ்தாயி மட்டும் கீழே. தடித்த கம்பியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி. ஹெர்ட்ஸ் கணக்கில் ஏறத்தாழ 41, 55, 73, 98. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தார். இன்று உலகமெங்கும் தோளில் தொங்குகிற பேஸ் கிட்டாரெல்லாம் பெரும்பாலும் அதன் வாரிசுகள்தான். அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவதும் கஷ்டம், டிரம்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவில் அது கேட்பதும் கஷ்டம். தூக்குகிற கஷ்டம் தீர்ந்துவிட்டது. கேட்கிற கஷ்டம் இன்னும் பாக்கி இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். 'மவன் கரண்டு படிப்பு படிக்கான்' என்றுதான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறார்கள். சனி ஞாயிறுகளிலும் கொடை விழா சீசனிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். முதலில் வயர் சுருட்டத்தான் போனேன். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனதும் நாலு கம்பி என் தோளுக்கு வந்தது. பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, டிராஃப்டர் எல்லாம் அந்தக் காசில்தான்.

ஆனால் பேஸ்காரன் தலைக்கு மேல் எப்போதும் ஒரு கத்தி தொங்கும். "பேஸ் இல்லாட்டியும் கச்சேரி நடக்கும்லா, கீபோர்டுல இடது கையால தட்டிக்கிடலாம், ஒரு ஆள் சம்பளம் மிச்சம்" என்று சொல்லாத குழு உரிமையாளர் இந்த ஜில்லாவில் இருக்கிறாரா என்பது சந்தேகம். சொல்வதில் தப்பும் இல்லை. முன் வரிசைக்கே கேட்காத வாத்தியத்துக்கு யார் சம்பளம் தருவார்கள்? எனவே பேஸைக் கேட்க வைப்பது எங்களுக்குக் கலைப் பிரச்சினை மட்டும் இல்லை, வயிற்றுப் பிரச்சினையும்தான்.

மேடையில் நம் நெஞ்சில் 'டும் டும்' என்று இடிக்கிற பேஸ், இருபதாவது வரிசை நாற்காலியில் இருப்பவருக்கு ஏன் கேட்பதில்லை? முதல் காரணம் காது. மனிதக் காது கீழ் சுரங்களைக் கண்டுகொள்வது குறைவு. 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து கோடுகளாகவே வரைந்து வைத்தார்கள். சத்தம் குறையக் குறைய கீழ் சுரங்கள்தான் முதலில் காணாமல் போகும். இரண்டாவது காரணம் ஸ்பீக்கர். கோவில் கொடையில் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைத் தரவே தராது. அதன் வேலை பேச்சையும் பாட்டையும் தூரத்துக்குக் கொண்டு போவது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை.

அப்படியானால் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஊரில் பேஸ் கேட்கவே முடியாதா? முடியும். இங்கேதான் நாம் படித்தது கைகொடுக்கிறது. டெலிபோன் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பும் என்று பாடத்தில் படித்தோமே. என் அப்பாவுக்குக் கட்டைக் குரல். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் சுமார் 100, 120 ஹெர்ட்ஸ்தான். அது அந்தப் பழைய டெலிபோன் வழியாகப் போகவே போகாது. ஆனாலும் "எங்கடா இருக்க?" என்றால் அதே கட்டைக் குரலாகத்தானே கேட்கிறது! காரணம் ஹார்மோனிக்ஸ். 41 ஹெர்ட்ஸ் சுரத்தோடு கூடவே 82, 123, 164 என்று மடங்குகளும் பிறக்கின்றன. அடிப்படையை நீக்கிவிட்டு மடங்குகளை மட்டும் தந்தாலும் மூளை அடிப்படையைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இதிலிருந்து வரும் புத்தி ஒன்றுதான்: பேஸ் கேட்கவில்லை என்றால் 'பேஸ்' குமிழைத் திருப்பாதீர்கள், 'மிட்' குமிழைத் திருப்புங்கள். நம் ஆட்களில் பலர் ஈக்வலைசரில் இரண்டு ஓரங்களையும் தூக்கி நடுவைப் பள்ளமாக்கி, சிரிக்கிற வாய் மாதிரி வைத்துவிடுவார்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். கச்சேரியில் கீழே இருப்பதைக் காங்கோவும் தபேலாவின் இடது தலையும் விழுங்கும், மேலே இருப்பதை சிம்பல் விழுங்கும். நமக்கென்று மிச்சம் இருப்பது நடுப்பகுதி. 200 ஹெர்ட்ஸிலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் ஜலதோஷக்காரன் மூக்கால் பாடுவது போலிருக்கும். பயப்பட வேண்டாம், குழுவோடு சேர்ந்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரியும்.

"அதெல்லாம் வேண்டாம், பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் போதும்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் வாட் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். 30 வாட்டை 60 வாட் ஆக்கினால் ஏறுவது 3 டெசிபல்தான், ஏதோ கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும். 30-ஐ இரட்டிப்பாகக் கேட்க 300 வாட் வேண்டும். ஆகவே சின்ன ஆம்ப்ளிஃபையரை மேடையில் நமக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ஜனங்களுக்குக் கேட்க வைப்பதை சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியின் பெரிய பெட்டிகளே பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு நம் சிக்னல் அவருடைய மிக்ஸருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும்.

அங்கேதான் டி.ஐ. பாக்ஸ் வருகிறது. பேஸ்காரன் கையில் காசு வந்தால் கிட்டாருக்கு அடுத்து வாங்க வேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். சோப்பு டப்பா சைஸில் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே, சாதா ரகத்தில், ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ 12-க்கு 1, ஆகவே இம்பிடன்ஸ் விகிதம் அதன் வர்க்கம், 144-க்கு 1. கிட்டாரின் பிக்கப் ஹை இம்பிடன்ஸ் சமாசாரம். அதை முப்பது மீட்டர் வயரில் நேராக இழுத்தால் பாதி வழியிலேயே மேல் சுரங்கள் செத்துப்போகும், இரைச்சலும் ஏறிக்கொள்ளும். டி.ஐ. பாக்ஸ் அதை லோ இம்பிடன்ஸாக்கி, மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர். வழியாக அனுப்புகிறது. ஒன்றாவது பின் எர்த். இரண்டிலும் மூன்றிலும் ஒரே சிக்னல், ஆனால் எதிரெதிர் திசையில். வழியில் ஏறும் இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போய் சிக்னல் நிற்கும். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் எக்ஸ்பெரிமெண்டில் காமன் மோடு ரிஜெக்‌ஷன் என்று ரீடிங் எடுத்தோமே, சாட்சாத் அதே சங்கதி!

நேராக மிக்ஸரில் சொருகினால் சவுண்ட் உயிரில்லாமல் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனி ஒரு வீட்டையே ஸ்டூடியோவாக்கிப் பாட்டு பதிவு செய்தது. அங்கே 1960-களில் பேஸ் வாசித்தவர் இவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் நேராகப் பதிவு மேஜையில் சொருகித்தான் பெரும்பாலும் வாசித்தார். உலகம் முழுக்க அந்தப் பாட்டுகளுக்கு ஆடியது, ஆனால் உறையில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போடுகிற வழக்கம் அங்கே இல்லை. மார்வின் கேயின் 1971-ம் வருட ஆல்பத்தில்தான் பெயர் வந்தது. ஓரத்தில் நிற்பவன் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. நம் பக்கத்தில் இளையராஜா பாடல்களுக்கு வாசித்த சசிதரன், ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் பெயர்களை நம் ஆர்க்கெஸ்ட்ரா ரசிகர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆனால் அவர்கள் வாசித்ததை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆக மேடையில் 'உம்ம்ம்ம்' என்று ஹம் இருந்தால், சுருதி சேராத இன்னொரு பேஸ்காரர் ராத்திரி முழுக்க ஜி-யை நிறுத்தாமல் வாசிக்கிறார் என்று அர்த்தம்! இவரை மேடையை விட்டு இறக்குவது எப்படி? முதலில் கிட்டாரின் வால்யூமை சுத்தமாகக் குறையுங்கள். ஹம் போகவில்லை என்றால் கோளாறு ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர் பக்கம். போய்விட்டால் கோளாறு கிட்டார் பக்கம். பிறகு வால்யூமை ஏற்றி, கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஹம் கூடிக் குறைந்தால் பிக்கப் காயில் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரையோ சீரியல் செட்டையோ பிடிக்கிறது. இரண்டடி நகர்ந்து நின்றால் போதும். கிட்டார் பக்கம் சுத்தமாக இருந்தும் டி.ஐ. பாக்ஸிலிருந்து மிக்ஸருக்கு வயர் போட்டதும் ஹம் ஆரம்பித்தால் அது கிரவுண்ட் லூப். மேடை ஆம்ப்ளிஃபையர் ஒரு பிளக்கில், மிக்ஸர் மண்டபத்தின் மறுகோடியில் வேறு பிளக்கில். ஷீல்டு வழியாக இரண்டு எர்த்தும் கைகோத்து ஒரு பெரிய வளையம் போட்டுவிடும். டி.ஐ. பாக்ஸின் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தள்ளினால் ஒன்றாவது பின்னின் தொடர்பு அறுந்து வளையம் உடையும். அல்லது இரண்டையும் ஒரே லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். ஹம் போகிறது என்று ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, அல்லது மூன்று வயரில் இரண்டை மட்டும் உரித்து பிளக் பாயிண்டில் தீக்குச்சி வைத்துச் சொருகுவது. ஹம் போகும், வாஸ்தவம்தான். சில சமயம் ஆளும் போய்விடுவான்.

இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. எலக்ட்ரிக் கிட்டாரிலும் பேஸிலும் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்த்தே இருக்கும். ஆகவே வாசிக்கும்போதெல்லாம் நம் விரல் எர்த்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மைக் பக்கம் எங்காவது லைன் கசிந்து மைக்கின் இரும்பு வலையில் கரண்ட் நின்றால், கோரஸ் பாட வாயைக் கொண்டு போகும்போது 230 வோல்ட்டின் வழி உதட்டில் புகுந்து, மார்பைக் கடந்து, விரல் வழியாக வெளியேறும். நம் ஆம்ப்ளிஃபையருக்கே எர்த் இல்லாமல் அதில் லைன் கசிந்தால் இதே வழி திருப்பி நடக்கும். 1972 மே 3 அன்று பிரிட்டனில் ஸ்வான்சி ஊரில் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, கிட்டாரைப் பிடித்தபடி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

நம் ஊர்க் கொடை விழாவில் ஆபத்து இன்னும் ஒரு படி கூட. கோவில் வாசலில் மேடை, அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். அது மரியாதை, விட முடியாது. தண்ணீர் தெளித்த ஈர மண், வெறுங்கால், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர். போன வருடம் ஒரு கொடையில் எங்கள் பாடகி அக்கா மைக்கைத் தொட்டதும் கையை உதறினார். "சின்னதா ஜிர்ருங்குது, அவ்வளவுதான்" என்று பாடவும் போனார். சின்ன ஜிர் என்பது பெரிய ஜிர்ருக்கு அழைப்பிதழ். அன்று மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை என் கம்பியிலும் இன்னொன்றை மைக் வலையிலும் வைத்துப் பார்த்தேன். எண்பதுக்கு மேல் காட்டியது. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியே அடிக்கவில்லை. சவுண்ட் அண்ணாச்சி நல்ல மனுஷன், முகம் சுளிக்காமல் கம்பி அடித்து, குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கட்டினார். மறுபடி பார்த்தால் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. கச்சேரி அரை மணி தாமதம். ஊர்ப் பெரியவர் திட்டியது எங்களைத்தான்.

ஆகவே ஒவ்வொரு மேடையிலும் உதடு போவதற்கு முன் மீட்டர் போகட்டும். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் வாசிக்கத் தொடங்காதீர்கள். பிளக் சொருகும் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காவிட்டால் ஆர்.சி.சி.பி. இருந்தும் அது சரியாக வேலை செய்யாது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். மைக்குக்கு ஸ்பாஞ்சுத் தொப்பி போடுவது காற்றுச் சத்தத்துக்கு மட்டுமல்ல, உதடு இரும்பில் படாமலும் காக்கும். செருப்பு கூடாத மேடையில் காய்ந்த பலகையோ ரப்பர் மேட்டோ போட்டு நில்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது, ஆடம்பரமும் வேண்டாம். கடையில் 'பி-38 பின்' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். நல்ல இரும்பு மூடி போட்ட பின் இரண்டு, ஐந்து மீட்டர் ஷீல்டு வயர், சால்டரிங் அயர்ன் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். நம் மாணவர்களுக்கு இது என்ன பெரிய வித்தையா? வயரை மூடியின் உள் கிளிப்பில் நன்றாக நெரித்துக் கட்ட வேண்டும். இழுப்பு கிளிப்பில் விழ வேண்டுமே தவிர, ஈயத்தில் விழக் கூடாது. நீளம் கூடினால் கெடுதல்: ஷீல்டு வயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. பத்து மீட்டர் இழுத்தால் ஹை இம்பிடன்ஸ் பிக்கப்போடு சேர்ந்து அழகான லோ பாஸ் ஃபில்டர் ஆகிவிடும். மேடையில் வயரைத் தோள்பட்டையின் உள்பக்கமாக ஒரு சுற்று விட்டுப் பிறகு சொருகினால், யாராவது மிதித்தாலும் பின் கழறாது. ஸ்பீக்கருக்குப் போகும் வயர் வேறு ஜாதி, அது தடித்த இரட்டை வயர். பின் ஒன்று போல இருக்கிறதே என்று ஷீல்டு வயரைப் பெட்டிக்குப் போட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய இழை சூடேறும். அதோடு, 8 ஓம் பெட்டி இரண்டைப் பேரலலாகப் போட்டால் 4 ஓம். ஆம்ப்ளிஃபையர் பின்னால் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. சுவிட்ச் எங்கே என்று தேடாதீர்கள், பின்னைச் சொருகுவதே சுவிட்ச். கச்சேரி முடிந்து வயரைப் பிடுங்காமல் பையில் வைத்தால் பேட்டரி விடிய விடிய வேலை செய்துகொண்டிருக்கும். நன்றாக இருந்த சவுண்ட் 'கர கர' என்று உடைந்து, மெலிந்து வந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது நிற்கும் இடம். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.4 மீட்டர், அதாவது ஒரு டவுன் பஸ் நீளத்துக்குக் கிட்டே. இவ்வளவு பெரிய அலை சுவரில் மோதித் திரும்பும்போது மண்டபத்தில் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் காணாமல் போகும். டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபத்தில் ஆம்ப்ளிஃபையரை மூலையில் வைத்தால் கேட்காமலே பேஸ் கூடும், 'கொம் கொம்' என்று பானைக்குள் பேசுவது போல ஆகும். மூலையிலிருந்து நாலடி வெளியே இழுங்கள், ஈக்வலைசரைத் தொடாமலே பாதி சரியாகிவிடும். பலகை மேடை உள்ளே கூடாக இருப்பதால் மேடையே ஒரு மத்தளம் ஆகிவிடும். பெட்டியை ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். தரையில் வைத்த பெட்டி நம் கணுக்காலுக்குத்தான் பாடுகிறது, காதுக்கு இல்லை. பேஸ் கேட்கவில்லை என்று நாம் சத்தம் ஏற்ற, முன்னால் நிற்கும் பாடகர் திரும்பி முறைக்க, பாதிச் சண்டைகள் இதனால்தான். கொடை விழாத் திடலில் சுவரே இல்லை, போன அலை திரும்பாது. மண்டபத்தில் குறைத்த பேஸை அங்கே கொஞ்சம் திருப்பிக் கொடுக்கலாம். நேற்று வைத்த குமிழ் இன்றைக்கும் சரி என்று நினைக்க வேண்டாம்.

கம்பி பற்றி. புதுக் கம்பி 'ஜிங்' என்று இருக்கும், வியர்வை பட்டுப் பட்டு மங்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடி மேல் துடைத்தால் இரண்டு மடங்கு நாள் வரும். பேஸ் கம்பி விலை நம்மைப் போன்றவர்களுக்கு அதிகம்தான். அதனால் மங்கின கம்பியைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் உள்ளே சேர்ந்த அழுக்கு போய்ச் சில கச்சேரிக்குப் பளிச்சென்று இருக்கும். "ரசம் வைக்கிற சட்டியிலயா கம்பிய வேக வைக்க?" என்று என் அம்மா கேட்டார். தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாடல்களுக்கோ மங்கின சவுண்ட்தான் அழகு. பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் சொருகினால் சுரம் 'தும்' என்று சுருக்கமாக நின்று, டபுள் பேஸ் போலவே இருக்கும். ஜேமர்சன் பேஸிலும் இப்படி ஸ்பாஞ்சு உண்டு, கம்பி அறுந்தாலொழிய அவர் மாற்றவும் மாட்டாராம். ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு என்ன விலை? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு ஓரம்.

கடைசியாக மனுஷாள். சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியிடம் பந்தல் போடும்போதே போய் வணக்கம் சொல்லிவிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு. மிக்ஸரில் ஒவ்வொரு சேனலிலும் 'லோ கட்' பட்டன் இருக்கும், 75-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும். பாட்டு மைக்குகளிலெல்லாம் அதை அழுத்தச் சொல்லுங்கள், நம் சேனலில் மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மைக்குகளில் புகும் காலடிச் சத்தமும் காங்கோ அதிர்வும் போனால் அந்த இடம் காலியாகி பேஸ் தானாகத் தெளியும். நாம் ஒரு வாட் கூட ஏற்ற வேண்டியதில்லை. "அண்ணாச்சி, பேஸ் கேட்குதா?" என்று மேடையிலிருந்து கேட்பதை விட, நீள வயர் கிடைத்தால் வாசித்துக்கொண்டே இறங்கிப் போய் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று நீங்களே கேளுங்கள்.

கீபோர்டு அண்ணனிடம் கேட்பதுதான் கஷ்டமான காரியம். அவர் இடது கையை நம் இடத்தில் வைத்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே கீழ் சுரத்தை வாசித்தால் ஒன்றின் அலை மற்றதைச் சில சமயம் கூட்டும், சில சமயம் அடித்துப்போடும். கேட்பவருக்கு அது கூழ். "அண்ணே, நடு ஸாவுக்குக் கீழ எனக்கு விட்டுருங்க" என்று ரிகர்சலில், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பணிவாகக் கேட்க வேண்டும். எங்கள் அண்ணன் சரி என்று சொல்ல மூன்று கச்சேரி ஆனது. நாலாவது கச்சேரியில் குழு உரிமையாளர் கேட்டார், "என்னலே, புதுசா எதும் பெட்டி வாங்கியிருக்கியா? நல்லா கேக்கு!" பெட்டி எதுவும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு இடது கைப் பேச்சு எடுபடுவதில்லை.

பையில் எப்போதும் இருக்க வேண்டியது: கூடுதலாக ஒரு வயர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, சின்ன மல்டிமீட்டர், ஆம்ப்ளிஃபையருக்கு அதே ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, துணி, ஸ்பாஞ்சு, டியூனர், இன்சுலேஷன் டேப். கிளம்பும்போது பவர் ஆம்ப்ளிஃபையரை முதலில் அணைத்துவிட்டுப் பிறகு மிக்ஸரை அணைக்கச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் 'டப்' என்று ஒரு அடி, ஸ்பீக்கர் கோனுக்கு நல்லதல்ல. ஆன் செய்யும்போது இதே வரிசை தலைகீழ்.

பின் அறுந்த வயர் யாரிடமாவது இருந்தால் மதிய இடைவேளையில் இ.சி.இ. லேப் வாசலுக்கு எடுத்து வாருங்கள். பின் உங்களுடையது, ஈயம் என்னுடையது.